ஆறு மாத அட்வான்ஸ் எங்கிருந்து வந்தது? கொழும்பில் வாடகைக்கு விட வீடு வாங்க நினைப்பவர்களுக்கு

வெள்ளவத்தையில் வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவரிடம், வீட்டுக்காரர் வாடகையைச் சொன்ன மூச்சிலேயே அட்வான்ஸையும் சொல்லிவிடுவார். ஆறு மாதம். சில இடங்களில் ஒரு வருடம். மாதம் 90,000 ரூபா வாடகை என்றால், சாவி கைக்கு வருமுன் 5 இலட்சத்து 40 ஆயிரம் ரூபாவை எண்ணி வைக்க வேண்டும். பிள்ளையின் படிப்புக்காக மட்டக்களப்பிலிருந்தோ ஹட்டனிலிருந்தோ வரும் குடும்பம் அந்தக் காசைப் புரட்ட நகையை அடகு வைக்கும்.

கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது, கொழும்பில் ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விடலாம் என்று யோசிப்பவர்கள் விலை, இடம், வங்கிக் கடன் என்ற வரிசையில்தான் கேள்வி கேட்பார்கள். நான் அவர்களை அட்வான்ஸிலிருந்து தொடங்கச் சொல்வேன். அந்த ஆறு மாதம் ஏன் கேட்கப்படுகிறது என்று விளங்கினால், இந்தச் சந்தை ஏன் இப்படி நடக்கிறது என்பதில் பாதி விளங்கிவிடும். கனடாவில் இருக்கும் என் அக்காவின் வெள்ளவத்தை வீட்டை ஒன்பது வருடமாக நான் பார்த்து வருகிறேன். இங்கே எழுதுவதில் கொஞ்சம் சட்டம், மிச்சம் அந்த வீட்டுப் படிகளில் ஏறி இறங்கியதில் கற்றது.

இரண்டு பக்கத்துப் பயம்

1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் குடியிருப்பவரின் பக்கம் உறுதியாக நின்றது. அதற்கு உட்பட்ட வீடுகளில் வாடகைக்கு ஓர் எல்லை கட்டப்பட்டது. சட்டம் சொன்ன காரணங்கள் இல்லாமல் யாரையும் வீட்டை விட்டு எழுப்ப முடியாது. குடியிருப்பவர் இறந்தால்கூட அந்த உரிமை அவருடைய குடும்பத்தவருக்குப் போகலாம். அடுத்த வருடமே, 1973ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டம் வந்தது. ஒருவர் எத்தனை வீடு வைத்திருக்கலாம் என்று அது வரையறுத்தது. மேலதிக வீடுகள் தேசிய வீடமைப்பு ஆணையாளரிடம் போயின. அதில் குடியிருந்தவர்களுக்கு அந்த வீட்டையே வாங்கும் வாய்ப்புக் கிடைத்தது.

வாடகை வீட்டிலேயே பிறந்து வாடகை வீட்டிலேயே வயதான எத்தனையோ பேர் அதனால் சொந்த வீட்டுக்காரர் ஆனார்கள். அதைச் சிறிதாகச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் வீட்டுக்காரர்களின் நினைவில் அது வேறு விதமாகப் பதிந்தது: வாடகைக்குக் கொடுத்தால் வீடு கையை விட்டுப் போகும். வீடுகள் பூட்டிக் கிடந்தன. கொடுத்தவர்களும் சட்டம் தடுத்த 'கீ மணி'யை, அதாவது சாவி கொடுப்பதற்கென்று வாடகைக்கு மேல் கேட்கும் காசை, மறைவாக வாங்கினார்கள். பிற்காலத் திருத்தங்கள் பெரும்பாலான புதிய வீடுகளை அந்தக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்துவிட்டன. பயம் மட்டும் விடுபடவில்லை. ஆறு மாத அட்வான்ஸ் அந்தப் பயத்தின் விலை. ஒருவர் வாடகை கட்டாமல் உட்கார்ந்துகொண்டால் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு வருடக்கணக்கில் இழுபடும், அதுவரை தாங்குவதற்கு ஏதாவது கையில் இருக்கட்டும் என்ற கணக்கு.

கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பக்கத்தில் பழைய வீடொன்று நம்ப முடியாத மலிவில் விலைக்கு வந்தால், உள்ளே யார் இருக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். பழைய சட்டத்தின் பாதுகாப்போடு, இன்றைய சந்தைக்குச் சம்பந்தமே இல்லாத வாடகையில் மூன்றாம் தலைமுறை அங்கே இருக்கக்கூடும். எங்கள் நாட்டில் செல்லுபடியாகும் ரோமன் டச்சுச் சட்டத்தின்படி, வீடு கைமாறியதால் மட்டும் வாடகை உரிமை அழியாது. வீட்டை வாங்குபவர் குடியிருப்பவரையும் சேர்த்தே வாங்குகிறார்.

2023இல் ஒரு மாற்றம் வந்தது. குத்தகைக்குக் கொடுத்த இடங்களை மீளப் பெறுவதற்கான விசேட ஏற்பாடுகள் சட்டம், அந்த வருடத்தின் 1ஆம் இலக்கச் சட்டம். ஒப்பந்தக் காலம் முடிந்தபின்னும் வெளியேற மறுப்பவரிடமிருந்து சுருக்க நடைமுறையில் இடத்தை மீட்க அது வழி தருகிறது. அந்த வழி திறப்பதற்கு ஒப்பந்தம் ஒழுங்காக எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்த இடத்தில்தான் நம்மில் பலர் சறுக்குகிறோம். அதைப் பிறகு சொல்கிறேன்.

குடியிருப்பவரின் பக்கத்திலும் ஒரு பயம் உண்டு. கொழும்புத் தமிழருக்கு அதை நான் விளக்கத் தேவையில்லை. 1983க்குப் பின், போர்க்காலம் முழுவதும், வாடகை வீடு என்றால் பொலிஸ் பதிவு, அடையாள அட்டைப் பிரதி, ஊரிலிருந்து வந்த காரணம், இரவில் கதவு தட்டப்படும் சத்தம். 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த 370க்கு மேற்பட்ட தமிழர்கள் பஸ்களில் ஏற்றி நகரத்தை விட்டு அனுப்பப்பட்டார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை போட்டது. ஆனால் அந்தக் காலை நேரம் பலரின் மனதில் ஒரு முடிவை எழுதிவிட்டது. வாடகை வீட்டில் இருப்பவனை எந்த நேரமும் எழுப்பலாம். சிறியதானாலும் சொந்தமாக ஒன்று வேண்டும்.

காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் இருந்த ஒழுங்கைகளில் வரிசையாகத் தொடர்மாடிகள் எழுந்ததற்கு இதில் பெரிய பங்கு உண்டு. அந்த வீடுகளை வாங்கியவர்களில் பலர் வாடகை வருமானத்தைக் கணக்குப் பார்த்து வாங்கவில்லை. மகளுக்குச் சீதனமாக வாங்கினார்கள். அம்மா அப்பா ஆஸ்பத்திரிக்குக் கிட்ட இருக்கட்டும் என்று இலண்டனிலிருந்து காசு அனுப்பி வாங்கினார்கள். ஊருக்கு வந்துபோகும்போது தங்க ஓர் இடம் என்று வாங்கினார்கள். இதன் விளைவு முதலீட்டாளருக்கு மிக முக்கியமானது. வீட்டு விலையை பவுணும் கனடா டொலரும் பாதுகாப்புத் தேடும் மனமும் தீர்மானிக்கின்றன. வாடகையைத் தீர்மானிப்பது இங்கே மாதச் சம்பளம் வாங்கும் ஆளின் சட்டைப்பை. இரண்டும் வேறு வேறு உயரத்தில் நிற்கின்றன. கொழும்பில் வாடகை வருமானம் வீட்டு விலையோடு ஒப்பிடும்போது மெலிந்து தெரிவதற்கு, வெள்ளவத்தையைப் பொறுத்தவரை, இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

கணக்கு

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். மூன்றரைக் கோடி ரூபாவுக்கு ஒரு வீடு. மாத வாடகை 1,20,000. வருடத்துக்கு 14 இலட்சத்து 40 ஆயிரம், அதாவது விலையில் 4 சதவீதத்துக்குச் சற்று மேல். புரோக்கர் இந்த எண்ணோடு நிறுத்திக்கொள்வார். நாம் நிறுத்தக்கூடாது. ஒருவர் போய் இன்னொருவர் வரும் இடைவெளியில் வருடத்துக்கு ஒரு மாதம் வெறுமையாகக் கிடக்கும் என்று வைத்துக்கொண்டால் 1,20,000 போகும். மெயின்டனன்ஸ் மாதம் 15,000 என்றால் வருடத்துக்கு 1,80,000. திருத்த வேலைகளுக்கு 60,000. மாநகர சபைக்குக் கட்டும் சோலைவரிக்கு 30,000. மிஞ்சுவது 10 இலட்சத்து 50 ஆயிரம். மூன்று சதவீதம்.

வாங்கும் செலவும் இருக்கிறது. ஆதனக் கைமாற்றத்துக்கு முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 சதவீதம், மிகுதிக்கு 4 சதவீதம். மூன்றரைக் கோடிக்கு அது 13 இலட்சத்து 99 ஆயிரம் ரூபா. மேலே பார்த்த கணக்கில் ஒரு வருட நிகர வாடகையைவிட அதிகம். சட்டத்தரணியின் கட்டணம் தனி.

வருமான வரியில் கொஞ்சம் ஆறுதல் உண்டு. தனிநபருக்கு வாடகை வருமானத்தின் 25 சதவீதம் திருத்தச் செலவுக்கென்று கழிக்கப்படும். 2025 ஏப்ரலிலிருந்து வருடத்துக்கு 18 இலட்சம் ரூபா வரையான வருமானத்துக்குத் தனிநபர் விலக்கும் இருக்கிறது. நிறுவனமொன்று உங்கள் வீட்டை எடுத்து மாத வாடகை ஒரு இலட்சத்தைத் தாண்டினால் 10 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டே தருவார்கள். அதற்குரிய சான்றிதழைக் கேட்டு வாங்கி வைத்தால் வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கைக் காட்டுவது யாரையும் பின்வாங்க வைக்க அல்ல. கடன் வாங்கி இதில் இறங்குபவர்களுக்காகத்தான். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் கொள்கை வட்டியை 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. மாறும் வட்டியில் வீட்டுக்கடன் எடுத்திருந்தவர்களுக்குக் கடிதம் மேல் கடிதம் வந்தது. வட்டி 20 சதவீதத்தைத் தாண்டியது. அதே மாதங்களில் 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. லிப்ட் ஓட ஜெனரேட்டருக்கு டீசல் வேண்டும், டீசலுக்கு வரிசை. தொடர்மாடிகளில் மெயின்டனன்ஸ் கட்டணம் எகிறியது. வாடகையை அந்த வேகத்தில் கூட்ட முடியுமா? குடியிருந்தவரின் சம்பளம் ஒரு ரூபாகூட ஏறவில்லை. மூன்று சதவீதம் தரும் வீட்டுக்காக அதன் பல மடங்கு வட்டி கட்டியவர்களில் சிலர் அதே வீட்டை விற்றுத்தான் மூச்சு விட்டார்கள்.

ஆகவே முதற்படி எடுப்பவருக்கு நான் சொல்வது கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கலாம். இரண்டாவது வீடு வாங்குவதற்கு முன், இருக்கும் வீட்டைப் பாருங்கள். தெஹிவளையிலோ வத்தளையிலோ ஆறு பேர்ச் காணியில் வீடு வைத்திருப்பவருக்கு, மாடியைத் தனி வாசலோடு அனெக்ஸாக மாற்றுவதோ, வெறுமையாகக் கிடக்கும் இரண்டு அறைகளைப் பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்குப் போர்டிங்காகக் கொடுப்பதோ தான் நல்ல பள்ளிக்கூடம். காணிக்குப் புதிதாகக் காசு போடவில்லை. முத்திரைத் தீர்வை இல்லை. ஒரு மனிதரை வாடகைக்கு வைத்திருப்பது என்றால் என்ன என்று இரண்டு வருடத்தில் தெரிந்துவிடும். ஒன்றே ஒன்று: மேல் வீட்டுக்குத் தனி மின்மானி எடுங்கள். வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறும் அலகு முறையில் கணக்கிடப்படுவதால், இரண்டு குடும்பம் ஒரே மானியில் ஓடினால் இருவருமே மேல்படிக்குத் தள்ளப்படுவார்கள். அனெக்ஸ் சண்டைகளில் பாதி கரண்ட் பில்லில் தொடங்குவதைத்தான் நான் கண்டிருக்கிறேன்.

தாள்கள்

வாங்கத்தான் போகிறோம் என்று முடிவெடுத்தால், காணிப் பதிவகத்தில் குறைந்தது முப்பது வருட உரித்துச் சங்கிலியைத் தேடச் சொல்வது இங்கே சட்டத்தரணிகளின் வழக்கம். அந்தச் சட்டத்தரணி விற்பவர் அழைத்து வந்தவராக இருக்கக்கூடாது. மாநகர சபையிலிருந்து வீதிக் கோட்டுச் சான்றிதழ், சுவீகரிக்கப்படவில்லை என்ற சான்றிதழ், சோலைவரி நிலுவை இல்லை என்ற அத்தாட்சி, கட்டிடத்துக்கு இணக்கச் சான்றிதழ். இவை எல்லோரும் சொல்பவை.

தொடர்மாடிக்கு இன்னும் ஒன்று சேர்கிறது. 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உரிமைச் சட்டத்தின் கீழ் அந்தக் கட்டிடத்தின் கூட்டாதன வரைபடம் பதிவு செய்யப்பட்டிருந்தால்தான் உங்கள் வீட்டுக்கென்று தனி உறுதி, அதாவது உரிமைப் பத்திரம், எழுத முடியும். வரைபடம் பதிவாகாத கட்டிடத்தில் முழுக் காசையும் கொடுத்து, ஒப்பந்தத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு, உறுதி வரும் வரும் என்று வருடக்கணக்காகக் காத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். வங்கி கடன் தராது. விற்கவும் முடியாது. 'இன்னும் ஆறு மாதத்தில் உறுதி' என்று சொல்லும் வீட்டுக்கு, உறுதி வந்த பிறகு காசு என்று சொல்லுங்கள்.

தமிழ்க் குடும்பங்களில் மூன்று இடங்களில் சிக்கல் வரும். முதலாவது, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை. அதற்கு உட்பட்டவர்கள் திருமண காலத்தில் காசு கொடுத்து வாங்கும் ஆதனம் தேடியதேட்டம். உறுதி ஒருவர் பெயரில் இருந்தாலும் மற்றவருக்குப் பாதி உரிமை எழக்கூடும். தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் அசையா ஆதனத்தை விற்பதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதத்தை 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் இன்னும் கேட்கிறது. அது மாற வேண்டிய ஒன்று என்பது என் எண்ணம். ஆனால் மாறும்வரை விற்பவரிடம் அதைக் கேட்டே ஆகவேண்டும்.

அடுத்தது குடியுரிமை. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி விற்பதைத் தடுக்கிறது. இலங்கையில் பிறந்து கனடாக் குடியுரிமை எடுத்து, இரட்டைக் குடியுரிமை பெறாதவரும் அந்தச் சட்டத்தின் கண்ணுக்கு வெளிநாட்டவரே. தொடர்மாடி வீட்டுக்கும் பெற்றோரிடமிருந்து வரும் முதுசொத்துக்கும் விதிவிலக்குகள் இருக்கின்றன. தொடர்மாடி என்றால் காசு வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக வந்திருக்க வேண்டும். இது தெரியாமலோ தெரிந்தோ, 'தம்பியின் பெயரில் போடுவோம், பிறகு பார்ப்போம்' என்று வாங்கியவர்கள் பலர். பத்து வருடம் கழித்துத் தம்பிக்கும் கல்யாணமாகி, பிள்ளைகள் வந்து, அந்த வீடு யாருடையது என்ற கேள்வி சாப்பாட்டு மேசையில் எழும்போது, கொடுத்த காசுக்கு எழுத்தில் ஒன்றும் இருக்காது. இதில் உடைந்த குடும்பங்களை நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கும்.

மூன்றாவது அற்றோர்னித் தத்துவம். வெளிநாட்டில் இருப்பவர், தன் சார்பில் செயற்படும்படி இங்குள்ள உறவினருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம். வாடகைக்கு விடவும் வாடகை வாங்கவும் பில் கட்டவும் மட்டும் என்று எழுதிக் கொடுக்கலாம். விற்கும் அதிகாரத்தையும் சேர்த்துக் கொடுக்கத் தேவையில்லை. அக்கா எனக்குத் தந்ததில் அந்த அதிகாரம் இல்லை, நான்தான் வேண்டாம் என்று சொன்னேன்.

இப்போது முன்னே விட்டுவைத்த வாடகை ஒப்பந்தத்துக்கு வருகிறேன். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை, நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். கடையில் வாங்கிய படிவத்தை நிரப்பி, முத்திரை ஒட்டி, சமாதான நீதவானிடம் கையெழுத்து வாங்கி 'ஒரு வருட அக்ரிமென்ட்' என்று வைத்திருப்பவர்கள் ஏராளம். சட்டத்தின் முன் அது ஒரு வருடக் குத்தகையாக நிற்காது, மாதாந்த வாடகையாகத்தான் பார்க்கப்படும். 2023 சட்டத்தின் வேகமான வழி வேண்டுமானால் நொத்தாரிசுச் செலவை மிச்சம் பிடிக்காதீர்கள். ஒப்பந்தம் சிங்களத்தில் எழுதப்பட்டு, கையெழுத்திடும் இருவருமே அதை வாசிக்கத் தெரியாதவர்களாக இருப்பதையும் பார்த்திருக்கிறேன். எழுதியதை வாசித்து விளங்கப்படுத்துவது நொத்தாரிசின் கடமை. தமிழில் விளங்கப்படுத்தச் சொல்லிக் கேளுங்கள், அதில் கூச்சம் வேண்டாம்.

வீடு நடத்துவது

மரைன் டிரைவ் பக்கத்து வீடுகளுக்குக் கடற்காற்று அழகு. அதே காற்று இரும்பைத் தின்னும். ஏசியின் வெளிப்பெட்டி, யன்னல் கம்பி, பல்கனிக் கைப்பிடி எல்லாம் உள்ளூர்ப்பக்க வீடுகளைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். உள்ளே கம்பி துருப்பிடித்து வீங்கினால் கூரையில் சீமெந்து உரிந்து விழும். வாங்கும்போது கடல் தெரிகிறதா என்று பார்ப்பவர்கள், கூரையின் மூலைகளையும் அண்ணாந்து பார்க்க வேண்டும். கட்டிடத்தைப் பராமரிக்கும் வீட்டுக்காரர் அமைப்பான முகாமைக் கூட்டுத்தாபனத்தின் கணக்கைக் கேளுங்கள், லிப்டையும் கூரையையும் திருத்தச் சேமிப்பு நிதி இருக்கிறதா என்று. வீட்டுக்காரர் எல்லோரும் வெளிநாட்டில் இருக்கும் கட்டிடத்தில் கூட்டத்துக்கு ஆள் சேராது. ஆள் சேராத கட்டிடத்தில் தண்ணீர்த் தொட்டி கழுவுவதற்குக்கூட முடிவெடுக்க முடியாது. அதனால்தான் நான் கூட்டங்களைத் தவறவிடுவதில்லை.

சோலைவரியை ஜனவரி 31க்குள் முழு வருடத்துக்கும் கட்டிவிட்டால் 10 சதவீதம் கழிவு. கரண்ட், தண்ணீர் பில்கள் வீட்டுக்காரர் பெயரில் இருப்பதால், குடியிருப்பவர் கட்டாமல் போனால் நிலுவை வீட்டின் தலையில் விழும். மாதாமாதம் பற்றுச்சீட்டின் படத்தை வட்சப்பில் அனுப்பச் சொல்லி முதல்நாளே பேசிவிடுவது நல்லது. சாவி கொடுக்கும் நாளில் மானி எண்ணையும் ஒவ்வொரு அறையையும் இருவரும் சேர்ந்து படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்களைத் தெரிவதில் ஒரு வார்த்தை. 'நம்மட ஆக்களா' என்று கேட்டுவிட்டு வீடு கொடுப்பவர்கள் எல்லாப் பக்கத்திலும் இருக்கிறார்கள். ஊர், சாதி, மதம் கேட்டு வாசலில் திருப்பி அனுப்பப்பட்ட அவமானத்தை அனுபவித்த நாமே அதே கேள்வியை மலையகத்துப் பிள்ளையிடம் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வேலை என்ன, சம்பளம் எவ்வளவு, முந்தைய வீட்டுக்காரரின் தொலைபேசி இலக்கம் என்ன. இந்த மூன்றும் தேவையானதைச் சொல்லிவிடும்.

முதல் வருடத்தில் ஒரு பிழை விட்டேன். வாங்கிய அட்வான்ஸை வீட்டுக்கு வர்ணம் பூசச் செலவழித்துவிட்டேன். குடியிருந்தவர் எதிர்பாராமல் இடமாற்றம் கிடைத்துப் போகிறேன் என்றபோது திருப்பிக் கொடுக்கக் காசில்லை. இரண்டு மாதம் தவணை கேட்டேன். அந்த மனிதர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவருடைய மனைவி என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. அவர்களுக்கும் அடுத்த வீட்டில் ஆறு மாதம் கட்ட வேண்டியிருந்தது. அதன் பிறகு அட்வான்ஸ் தனிக் கணக்கொன்றில் நிலையான வைப்பாகக் கிடக்கிறது. வட்டி மட்டும் திருத்த வேலைக்கு.

ஹட்டனிலிருந்து வந்து நாலு வருடம் இருந்த ஓர் ஆசிரியர் குடும்பம் போன வருடம் வீட்டைக் காலி செய்தது. காலையில் மானியைப் பார்த்தோம், படங்களை ஒப்பிட்டோம், ஒரு யன்னல் கண்ணாடிக்குக் கழித்துக்கொண்டேன். மிச்சத்தை லொறி வரும் முன்னரே அவருடைய கணக்கில் போட்டேன். "அண்ணன், எங்கட பள்ளிக்கூடத்தில இன்னொரு டீச்சர் வீடு தேடுறாங்க" என்றார் அவர். புரோக்கர் இல்லாமல், ஒரு வாரம்கூட வெறுமையாகக் கிடக்காமல் அந்தக் குடும்பம் உள்ளே வந்தது. அவர்களிடம் நான் வாங்கியது மூன்று மாத அட்வான்ஸ்.